முனி முதல் காஞ்சனா 3 வரை ஒரே ராத்திரியில்: உங்கள் வரிசை என்ன?

அம்பைக்காரன்

கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்கு வந்த அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பதினோரு பேர். கொடை முடிந்த மறுநாள் சனிக்கிழமை. ஆச்சி வீட்டுப் பட்டாசலில் பாயை விரித்து, ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த நான்கு பேய்ப் படங்களையும் வரிசையாகப் பார்க்க, சாயங்காலம் ஏழு மணிக்கு 'முனி'யைப் போட்டோம். நான்காவது படம் முடிந்தபோது பால்காரர் மணியடித்துக்கொண்டு தெருவில் போகிறார். நடுவில் கருப்பட்டிக் காபி இரண்டு தடவை, ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு. கரண்ட் ஒருமுறை இருபது நிமிடம் போனது. அந்த இருபது நிமிடத்தில் யாரும் தனியாகப் பின்கட்டுக்குப் போகவில்லை.

என் வரிசை இது. முதலில் காஞ்சனா (2011). இரண்டாவது முனி (2007). மூன்றாவது காஞ்சனா 2 (2015). கடைசியில் காஞ்சனா 3 (2019).

எது அதிகம் பயமுறுத்தியது என்று பார்த்து நான் வரிசை போடவில்லை. பயம் என்று பார்த்தால் இரண்டாவது தடவை பார்க்கும்போது எல்லாப் படமும் பாதி பலம் இழந்துவிடும். செத்தவருக்கு நடந்த அநியாயம் நம் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது, அதைச் சொல்ல அவருக்கு ஓர் உடம்பு கிடைக்கும்போது அந்த உடம்பு எவ்வளவு மாறுகிறது, இந்த இரண்டைத்தான் பார்த்தேன்.

முதல் இரண்டு படத்திலும் பேய் வேறொரு நடிகர். முனியில் ராஜ்கிரண், காஞ்சனாவில் சரத்குமார். இரண்டு பேருமே லாரன்ஸைப் போல இரண்டு மடங்கு கனம் உள்ளவர்கள். அந்தக் கனத்தை இந்த ஒல்லி உடம்புக்குள் அவர் கொண்டுவர வேண்டும். தோள் எப்படி நிற்கிறது, கழுத்து எப்படித் திரும்புகிறது என்று நாம் கவனித்துக்கொண்டே இருக்கிறோம். பின்னால் வந்த இரண்டு படத்திலும் பேயும் அவரே, பேய் பிடித்த ஆளும் அவரே. காஞ்சனா 2-இல் மொட்ட சிவாவும் அவர், காஞ்சனா 3-இல் காளியும் அவர். தன் உடம்புக்குள் தானே வந்தால் அதில் என்ன அதிசயம்? காஞ்சனா 2-ஐ மூன்றாம் இடத்தில் தூக்கி நிறுத்துவது நித்யா மேனனின் கங்கா மட்டும்தான்.

தென்காசி சாரல்

அண்ணாச்சி, ஒரு சின்ன சந்தேகம். காஞ்சனாவை ஒருத்தர் முனி 2 என்கிறார், இன்னொருத்தர் காஞ்சனா 1 என்கிறார். அப்படியானால் முனி இந்த வரிசையில் சேருமா?

அம்பைக்காரன்

சேரும் தம்பி. 2011 படத்தின் முழுப் பெயரே 'முனி 2: காஞ்சனா'தான். காஞ்சனா 2 கணக்குப்படி முனி 3, காஞ்சனா 3 என்பது முனி 4. காஞ்சனா என்ற பெயர் அவ்வளவு ஓடியதால் முனி என்ற பெயர் பின்னால் போய்விட்டது. கதைத் தொடர்ச்சி கிடையாது. ஒவ்வொரு படத்திலும் புதுக் குடும்பம், புது ஆவி. மாறாமல் இருப்பது இருட்டினால் பயப்படும் மகனும் அவனைச் சுமக்கும் அம்மாவும். கோவை சரளா இல்லாமல் இந்தத் தொடர் இல்லை.

பாளை ராத்திரி

உங்கள் வரிசையில் எனக்கு ஒரு பெரிய மறுப்பு இருக்கிறது. காஞ்சனா 2-ஐ முதல் இடத்தில்தான் வைப்பேன். குறைந்தபட்சம் இரண்டாவது.

திகில் படத்தைத் திகிலைக் கொண்டு அளக்காமல் வேறு எதைக் கொண்டு அளப்பது? நான்கு படத்திலும் முதல் பாதி உண்மையாகவே பயமுறுத்துவது காஞ்சனா 2-இல்தான். முதலிடத்தை இழந்த ஒரு டிவி சேனல், அதைத் திரும்பப் பிடிக்கப் பேய் நிகழ்ச்சி எடுக்கலாம் என்று மகாபலிபுரம் பக்கம் ஒரு கடற்கரை வீட்டுக்குக் குழுவை அனுப்புகிறது. பொய்யாகப் பேய் காட்டப் போனவர்கள் அவர்கள். இந்த ஆரம்பமே நல்ல ஆரம்பம். அப்புறம் மணலில் இருந்து டாப்ஸி ஒரு தாலியை எடுப்பது. யாரும் கத்தவில்லை, இசை தூக்கவில்லை, மணலுக்குள் கை போகிறது, கையில் ஒரு தாலி வருகிறது. எனக்கு அந்த இடத்தில்தான் முதுகு சில்லிட்டது. தாலி மண்ணுக்குள் கிடக்கிறது என்றால் அதன் அர்த்தம் நம் எல்லாருக்கும் தெரியும். விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று. முதல் இரண்டு படமும் வீட்டுக்குள்ளேயே சுற்றும். இதில் கடல், காற்று, காலியான மணல் என்று இடம் திறந்து கிடக்கிறது. ஓடிப் போக எவ்வளவோ இடம் இருந்தும் யாராலும் ஓட முடியவில்லை.

மேலப்பாளையத்தான்

தாலி பற்றிச் சொன்னது சரியான கவனிப்பு. இந்தத் தொடர் முழுக்க அந்த வேலை நடக்கிறது. எடுக்கக் கூடாத ஒன்றை எடுத்து விடுகிறார்கள், அல்லது தொடக் கூடாததைத் தொட்டு விடுகிறார்கள். காஞ்சனாவில் பாழ்நிலத்தில் கிரிக்கெட் விளையாடப் போய் ஸ்டம்பைக் குத்துகிறான். அடியில் பிணம். ரத்தம் பட்ட ஸ்டம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறான். இரண்டில் தாலி. மூன்றில் மரத்தில் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்குகிறார்கள். சின்ன வயதில் ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பக்கம் விளையாடினால் 'எதையும் எடுத்துட்டு வரக் கூடாது' என்று எங்கள் உம்மா சொல்லித்தான் அனுப்புவார். கம்பு, கல், நல்ல பந்து கிடந்தால்கூடத் தொட மாட்டோம். அதனால் அந்த ஸ்டம்ப் காட்சி எனக்கு வெறும் சினிமாவாகத் தெரியவில்லை.

மூன்றை எல்லாரும் கடைசியில் வைக்கிறீர்கள். நானும் வைப்பேன். ஆனால் ஆணி மரம் அந்தப் படத்தின் நல்ல யோசனை. பேயை மரத்தில் ஆணி அடித்து நிறுத்துவது நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஊருக்கு வெளியே ஆணி அடித்த புளியமரத்தைப் பகலில் பார்த்தாலும் கொஞ்சம் தள்ளித்தான் நடப்போம். அந்த மரத்திலிருந்து விடுபட்ட ஆவியை வைத்துப் படம் முழுக்க அந்த பயத்தை வளர்த்திருக்கலாம். பத்து நிமிடத்தில் அதை விட்டுவிட்டுக் குடும்பக் கலாட்டாவுக்குப் போய்விட்டார்கள். அதுதான் வருத்தம்.

வண்ணார்பேட்டை அக்கா

நான் காஞ்சனாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற மூன்றையும் ஒரு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. இதை ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன்.

2011-இல் ஜங்ஷன் பக்கம் தியேட்டரில் பார்த்தபோது என் மகன் மடியில். முதல் பாதி முழுக்கத் தியேட்டர் சிரித்தது. கோவை சரளாவும் தேவதர்ஷினியும் ராத்திரியில் கோலத்தின் மேல் தேங்காயை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒட்டி நிற்பார்கள். தேங்காய் தானாகச் சுற்றினால் வீட்டில் பேய் இருக்கிறது என்று அர்த்தம். மாமியாரும் மருமகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தத் தேங்காயையே பார்ப்பதும், அது மெல்ல அசைய ஆரம்பிப்பதும்... சிரிப்பும் பயமும் ஒரே நேரத்தில் வந்த இடம் அது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரென்றே தெரியாது. படம் முடியும்வரை விடவில்லை.

அப்புறம் ராகவா புடவை கட்டி, வளையல் போட்டு, மஞ்சள் பூசிக் கண்ணாடி முன்னால் நிற்கும் காட்சிகளுக்கும் தியேட்டர் சிரித்தது. ஓர் ஆண் பெண்ணாக நடக்கிறானே என்ற சிரிப்பு. இதைச் சொல்லாமல் இந்தப் படத்தை முதலிடத்தில் வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் சரத்குமார் வந்த பிறகு அதே தியேட்டரில் சத்தம் இல்லை. அவர் நடித்த காஞ்சனா ஒரு திருநங்கை, பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளை. ஒரு முஸ்லிம் பெரியவர் சேர்த்துக்கொள்கிறார். தன்னைப்போலவே துரத்தப்பட்ட இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைப் பறித்து, காஞ்சனாவையும் அவளைச் சேர்ந்தவர்களையும் கொன்று அந்த நிலத்திலேயே புதைக்கிறார்கள். அரை மணி நேரம் முன்னால் எதைப் பார்த்துச் சிரித்தோமோ அதே நடை, அதே கையசைவுதான். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பை எண்ணி வெட்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது 2008-இல். உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது 2014 ஏப்ரலில். இந்த இரண்டுக்கும் நடுவில், பெரிய நாயகன் ஒருவர் திருநங்கையாக வந்து நின்று பேசிய படம் இது. அதுவரை நம் சினிமாவில் அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் இரண்டு நிமிட நகைச்சுவைதானே? அந்த வேடத்தைத் திருநங்கை ஒருவருக்கே கொடுத்திருக்கலாம் என்ற வாதத்தை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனாலும் எங்கள் தெருவில் அதன் பிறகு பேச்சு கொஞ்சம் மாறியது. மார்க்கெட்டில் கடை கடையாக வரும் திருநங்கைகளை அதுவரை கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

பாளை ராத்திரி

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு காஞ்சனா முதலிடத்துக்கு வருவதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் கங்காவையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடக்க முடியாத பெண். அவளை மனதாரக் காதலிக்கிற ஒருவன். நித்யா மேனன் அழாமல் நடித்த இடங்களில்தான் எனக்கு அழுகை வந்தது. முனியை அதற்கு மேல் வைப்பது சரியில்லை.

முக்கூடல் அண்ணாச்சி

இழையை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகச் சுடலைமாடன் கொடை எடுக்கிற குடும்பம். அதனால் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அம்பைத் தம்பி சொன்ன இரண்டும், அதாவது அநியாயத்தைச் சொல்வதும் உடம்பு மாறுவதும், நம் கொடையில் நடப்பவை. சாமியை அழைக்கும் குடியழைப்பு முடிந்து வில்லுப்பாட்டு ஆரம்பிக்கும். புலவர் வில்லை அடிக்கும் வீசுகோலை எடுத்து, சாமியின் பிறப்பிலிருந்து கதையைப் பாடிக்கொண்டு வருவார். குடமும் உடுக்கையும் மெதுவாகத்தான் போகும். சாமியாடும் கோமரத்தாடி ஓரமாகச் சாதாரணமாக நிற்பார், வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டிருப்பார். கதை அந்தக் கொலைக்கு வரும். துரோகம் நடக்கிற வரி வரும். அந்த இடத்தில் குடத்தின் அடி மாறும். அங்கேதான் அவருக்குச் சாமி வரும். ஆரம்பத்திலேயே வந்துவிடாது. கதையை முழுக்கச் சொல்லி, ஊர் முழுக்கக் கேட்ட பிறகுதான் வரும்.

எங்கள் கோமரத்தாடி வாழைக்காய்த் தரகு செய்கிறவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தராசுக்காரன் ஏமாற்றினால்கூட 'சரிய்யா, விடு' என்று போகிற ஆள். அதே மனிதர் நடுச்சாமத்தில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது, தெருவில் அவர் பெற்ற பிள்ளைகளே கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். தெரிந்த உடம்பு, தெரியாத ஆள். முனியிலும் காஞ்சனாவிலும் லாரன்ஸ் செய்வது இதுதான். டான்ஸ் மாஸ்டராக இருந்து வந்தவர் என்பதால் வசனத்தை நம்பாமல் உடம்பை நம்பி ஆடுகிறார். சாமியாட்டம் தெரிந்த ஊர்க்காரன் அதைப் பார்த்ததும் கண்டுகொள்வான்.

கொலையுண்டவர்களுக்குப் பீடம் போட்டுக் கும்பிடும் நாடு நம் நாடு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதியைப் பார்த்திருப்பீர்கள். பட்டவராயன் என்று கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமணன். சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டிக்கொண்டு, அவர்களுடைய தொழிலையும் ஏற்றுக்கொண்டவன். மாடுகளை மீட்கப் போன இடத்தில் கொல்லப்பட்டான். இன்றைக்கும் அவனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்டிருக்கும் செருப்புகளின் அடியைப் புரட்டிப் பாருங்கள், தேய்ந்திருக்கும். பட்டவராயன் ராத்திரியில் போட்டுக்கொண்டு மலையில் நடக்கிறார் என்பார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா ஒரு செருப்பைத் திருப்பிக் காட்டினார். குதிகால் பக்கம் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. எந்தப் படத்திலும் அதற்கு நிகரான பயம் எனக்கு வந்ததில்லை. பயம் என்றால் ஓடத் தோன்றும் பயமில்லை, கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் பயம்.

இப்போது காஞ்சனாவின் முடிவுக்கு வருவோம். வில்லன் கோயிலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறான், ஆவி உள்ளே வர முடியாது என்ற தைரியத்தில். காஞ்சனா வாசலில் நின்று சாமியிடம் நியாயம் கேட்கிறாள். எனக்கு நடந்ததற்கு என்ன பதில், கொன்றவனுக்கு உன் வீட்டில் இடமா என்று. கடைசியில் வாசல் அவளுக்குத் திறக்கிறது. பேய் ஓட்டுவதோடு முடிந்திருந்தால் அது வழக்கமான படம். இதில் ஆவியை யாரும் ஓட்டவில்லை. அவள் அவனுக்குள்ளேயே இருந்துகொள்கிறாள், அவள் ஆசைப்பட்ட மருத்துவமனை கட்டப்படுகிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் அவளுக்குப் பீடம் போட்டாயிற்று. அதனால் காஞ்சனா முதலிடம். எனக்கு அதில் இரண்டாவது எண்ணமே இல்லை.

மேலப்பாளையத்தான்

அண்ணாச்சி எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒன்று சேர்க்கிறேன். காஞ்சனாவில் ஆவிகள் வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்வது பள்ளிவாசலில். இந்துக் குடும்பம் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதை வெளியூர் நண்பன் ஒருவன் 'சினிமாத்தனம்' என்றான். நம் பக்கத்துக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். கடையம் பக்கம் பொட்டல்புதூர் தர்காவுக்கு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போய் நின்றால் போதும். பொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர், தொப்பி போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பிரிக்க முடியாது. மனம் சரியில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு எந்த வாசல் என்பது முக்கியமில்லை.

தென்காசி சாரல்

இந்தியில் இதையே லாரன்ஸ் எடுத்தார் அல்லவா? அதை யாராவது இந்த வரிசையில் வைப்பீர்களா?

வண்ணார்பேட்டை அக்கா

2020-இல் அக்‌ஷய் குமாரை வைத்து எடுத்தார், 'லட்சுமி' என்று ஓடிடியில் வந்தது. பார்த்தேன். கதை அதேதான். ஆனால் கோவை சரளா இடுப்பில் அந்த வளர்ந்த மகன் ஏறி உட்காராத காஞ்சனாவை என்னால் காஞ்சனாவாக நினைக்க முடியவில்லை. அந்த அம்மா எவ்வளவு அலுத்துக்கொண்டாலும் அவனைக் கீழே இறக்கிவிட மாட்டாள். நான்கு படமும் அந்த இடுப்பில்தான் நிற்கின்றன. கன்னடத்தில் 2012-இல் 'கல்பனா' என்று வந்தது, உபேந்திராவும் சாய்குமாரும். அதை நான் பார்க்கவில்லை.

பாளை ராத்திரி

சரி, காஞ்சனா முதலிடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் இடத்துக்கு முனியா, காஞ்சனா 2-ஆ? அம்பை அண்ணாச்சி இதற்குப் பதில் சொல்லவே இல்லை. முனியில் படமாக்கிய விதம் இன்றைக்குப் பார்க்க மிகவும் பழசாகத் தெரிகிறது. பேய் வரும் காட்சிகளின் கிராபிக்ஸ் இப்போது கண்ணில் நிற்காது. பாட்டுகள் கதையை நிறுத்திவிட்டு வருகின்றன. கங்காவின் கதையில் இருக்கும் ஈரம் அதில் எங்கே?

அம்பைக்காரன்

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கங்கா வரும் பகுதியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை, நித்யா மேனன் வரும் நேரம் முழுக்க இந்தத் தொடரின் மிக நல்ல நடிப்பு. ஆனால் கங்காவுக்குத் தனியாக ஓர் உடம்பும் அமைதியான கொஞ்ச நேரமும் கிடைக்கவில்லை. மொட்ட சிவா வந்தவுடன் சண்டையும் ஆட்டமும் அவளை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஒரே உடம்பில் வரிசையாகப் பல ஆவிகள் வந்து போவதில் யாருடைய துக்கமும் நம்மிடம் தங்கவில்லை. வில்லில் ஒரு கதையை முழுக்கப் பாடி முடிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

முனியின் குறைகள் நீங்கள் சொன்ன அத்தனையும் உண்டு. தமிழில் அவர் இயக்கிய முதல் படம், கை இன்னும் பழகவில்லை. ஆனால் முனியாண்டியின் வழக்கு வேறு மாதிரி. அவன் உயிர் போனதற்காக மட்டும் வரவில்லை. குப்பத்து ஜனங்களுக்கு வீடு வாங்கித் தருவதாக அரசியல்வாதியை நம்பி வாக்குக் கொடுத்தவன். அவனைக் கொன்றதோடு, ஊரை ஏமாற்றி ஓடிப்போனான் என்ற பெயரையும் கட்டிவிட்டார்கள். நம்பிய ஜனங்களே அவனைத் திட்டுகிறார்கள். ராஜ்கிரண் முகத்தில் அந்த அவமானம் இருக்கிறதே, அது போதும் எனக்கு. அதனால் முனி இரண்டாம் இடத்திலேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அன்றைக்கு ராத்திரி ஆச்சி முனியைப் பார்க்கவில்லை, அடுப்படியில் வேலையாக இருந்தாள். காஞ்சனா ஓடும்போதுதான் வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோயில் வாசல் காட்சியில் திரும்பிப் பார்த்தேன், மடியில் வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். எங்களில் யாரும் பேசவில்லை. நேற்று அவளுக்காக முனியை மறுபடி போட்டேன். ராஜ்கிரண் கதை சொல்லி முடிக்கும்வரை பாக்குவெட்டியைக் கையில் எடுக்கவில்லை. முடிந்ததும் என்னிடம், 'உசுரு போனா போயிட்டுப் போகுது. பேரைக் கெடுத்துட்டானுவளே, அதாம்ல வந்திருக்கான்' என்றாள். அப்புறம் அந்தக் குப்பத்து ஆட்களுக்குக் கடைசியில் விஷயம் தெரிந்ததா இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். தெரிந்தது என்று சொன்ன பிறகுதான் எழுந்து சாப்பிடப் போனாள்.